இரண்டாம் ஆண்டின் இலை

இங்கிலாந்தின் மேற்கே, வேல்ஸ் எல்லையை ஒட்டிய ஷ்ராப்ஷயர் பகுதியில் காட்டின் ஒரு துண்டை வெட்டிச் சாய்த்தால், இரண்டு கோடைக்குள் அந்த வெட்டவெளி ஊதா நிறமாகிவிடும். யாரும் விதைத்திருக்க மாட்டார்கள். மர நிழலில் மண்ணோடு மண்ணாகப் பல ஆண்டுகள் கிடந்த ஃபாக்ஸ்குளோவ் விதைகள் வெளிச்சம் பட்டதும் விழித்துக்கொண்டிருக்கும். கசகசாவைவிடப் பொடியான விதை. மேலே மண் மூடியிருந்தால் முளைக்காது. மரம் விழும் வரை, அல்லது யாராவது மண்ணைக் கிளறும் வரை பொறுத்திருக்கும்.

முளைத்த முதல் ஆண்டில் பூ கிடையாது. ரோமம் படர்ந்த, சாம்பல் பூத்த பச்சை இலைகள் தரையோடு வட்டமாக விரிந்து கிடக்கும், அவ்வளவுதான். கீரை என்று நினைத்துப் பறிக்கத் தோன்றும், பறித்தவர்களும் உண்டு. ஒரு குளிர்காலம் முழுக்கக் கடந்த பிறகே செடி பூக்கத் தயாராகிறது. இரண்டாம் ஆண்டின் வசந்தத்தில் அந்த இலைவட்டத்தின் நடுவிலிருந்து தண்டு எழும்பும். சாதாரணமாக ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர். ஈரமும் மக்கிய இலையும் தாராளமாகக் கிடைத்த இடத்தில் இரண்டு மீட்டர்கூடப் போகும். ஜூன் பிறந்ததும் தண்டின் ஒரே பக்கமாக, உள்ளே புள்ளி தெளித்த குழல் பூக்கள் கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாகத் திறக்கும்.

இந்தக் கீழிருந்து மேல் என்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஒவ்வொரு பூவும் முதலில் ஆணாக இருந்து மகரந்தம் கொடுக்கிறது, பிறகு பெண்ணாக மாறி மகரந்தத்தை வாங்கிக்கொள்கிறது. ஆகவே எந்த நேரத்தில் பார்த்தாலும் கீழே இருப்பவை பெண் நிலைப் பூக்கள், மேலே இருப்பவை ஆண் நிலைப் பூக்கள். தேன் அதிகம் கீழ்ப்பூக்களில். நீள நாக்குள்ள பம்பிள்பீ தேனீ நேராகக் கீழ்ப்பூவுக்கு வந்து, படிப்படியாக மேலே ஏறி, உச்சியில் மகரந்தத்தைப் பூசிக்கொண்டு பறந்து, அடுத்த செடியின் அடிப்பூவில் போய் இறங்கும். தன் மகரந்தம் தனக்கே வந்து சேராதபடி செடி இப்படி ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறது. பல்லாயிரம் விதைகளை உதிர்த்ததும் பெரும்பாலான செடிகளின் வாழ்வு அத்தோடு முடிந்துவிடும்.

டிஜிட்டாலிஸ் என்ற இதன் சாஸ்திரப் பெயர் 1542ல் வந்த ஒரு மூலிகை நூலில் ஜெர்மானிய மருத்துவர் லியோன்ஹார்ட் ஃபூக்ஸ் வைத்தது. அதற்கு முன்பும் பின்பும் ஐரோப்பிய நாட்டு வைத்தியத்தில் இதைப் புண்ணுக்கும் வேறு பலவற்றுக்கும் பயன்படுத்தி வந்தார்கள். விஷம் என்பதும் ஊரறிந்ததுதான். எதற்கு உண்மையாகவே பலிக்கும் என்பதுதான் தெரியாதிருந்தது.

1775ல் வில்லியம் விதரிங் என்ற மருத்துவரிடம் ஒரு குடும்ப வைத்தியக் குறிப்பு வந்தது. விதரிங் ஷ்ராப்ஷயரிலேயே வெலிங்டன் என்ற ஊரில் 1741ல் பிறந்தவர், எடின்பரோவில் படித்தவர். மாணவராக இருந்தபோது தாவரவியல் பிடிக்கவில்லை என்று வீட்டுக்கு எழுதியவர். பிறகு, பூக்களை ஓவியமாகத் தீட்டும் ஹெலனா என்ற பெண்ணைக் காதலித்து மணந்து, செடிகளைத் தேடி அலையும் மனிதராக மாறிப்போனார். 1776ல் பிரிட்டன் தாவரங்களைப் பற்றி அவர் எழுதிய நூல் வெளிவந்தது. காதல் தாவரவியலுக்குச் செய்த உதவிகளில் இதுவும் ஒன்று என்று சேர்த்துக்கொள்ளலாம்.

அந்தக் குறிப்பு ஷ்ராப்ஷயரில் ஒரு மூதாட்டி நெடுங்காலம் ரகசியமாக வைத்திருந்தது. உடம்பில் நீர் கோத்து, கால் வீங்கி, மூச்சு விடத் திணறுகிறவர்களுக்கான மருந்து. படித்த வைத்தியர்கள் கைவிட்டவர்களையும் சில சமயம் அவர் குணப்படுத்தினாராம். கலவையில் இருபதுக்கும் மேற்பட்ட மூலிகைகள். சாப்பிட்டால் கடுமையான வாந்தி, பேதி. எல்லோரும் அந்த வாந்தியையும் பேதியையுமே மருந்தின் வேலை என்று நினைத்திருந்தார்கள். சிறுநீர் பெருகி வீக்கம் வடிவதைக் கவனிக்கவில்லை. செடி தெரிந்தவனுக்கு இருபதில் எது வேலை செய்கிறது என்று கண்டுபிடிப்பது கடினமாக இருக்கவில்லை என்கிறார் விதரிங்.

அந்த மூதாட்டிக்குப் பெயர் கிடையாது. விதரிங் எழுதவில்லை. ஆனால் இணையத்திலும் சில மருத்துவ வரலாறுகளிலும் ‘மதர் ஹட்டன்’ என்ற பெயரில் ஒரு கிழவி வருவாள். கூடையோடு நிற்கும் படம்கூட உண்டு. அந்தக் கிழவி பிறந்தது 1928ல், பார்க்-டேவிஸ் என்ற அமெரிக்க மருந்து நிறுவனத்தின் விளம்பரத்தில். 1985ல் டென்னிஸ் கிரிக்லர் என்ற இதய மருத்துவர் இதைத் தேடிப் பிடித்துச் சொன்ன பிறகும் அவள் சாகவில்லை. உண்மையான கிழவியின் பெயரைக் கேட்டு எழுதிவைக்க யாருக்கும் தோன்றாதபோது, விளம்பரக்காரன் வைத்த பெயர் அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது.

விதரிங் செய்த உண்மையான வேலை கண்டுபிடிப்புக்குப் பிறகுதான் தொடங்குகிறது. பத்து ஆண்டுகள் நீடித்த வேலை. எந்தப் பாகம், எந்தப் பருவத்தில், எவ்வளவு என்ற மூன்று கேள்விகளுக்கு அவர் பதில் தேடினார். பர்மிங்காமில் ஏழைகளுக்கு இலவசமாக வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார். ஆரம்பத்தில் அவர்களுக்குக் கொடுத்த அளவு மிக அதிகம் என்று அவரே ஒப்புக்கொள்கிறார். வேரை விட்டு இலைக்கு வந்தார். காய்ச்சிய கஷாயத்தில் அளவு நிலைக்கவில்லை, எனவே காயவைத்துப் பொடித்த இலைக்கு வந்தார். இலையின் வீரியம் பருவத்துக்குப் பருவம் மாறுகிறது என்று கண்டதும், இரண்டாம் ஆண்டில் தண்டு எழும்பிப் பூக்கும் சமயத்தில் பறித்த இலைதான் என்று முடிவு செய்தார். செடியின் இரண்டு ஆண்டு வாழ்வில் சில வாரங்களே நீடிக்கும் ஒரு நேரம் அது. பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு ஒன்றிலிருந்து மூன்று கிரெயின் பொடி, நாளுக்கு இரண்டு வேளை. கிரெயின் என்பது சுமார் 65 மில்லிகிராம்.

1785ல் ‘ஃபாக்ஸ்குளோவ் பற்றிய ஒரு விவரம்’ என்ற நூல் வந்தது. நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நோயாளிகளின் கதைகள், குணமானவையும் ஆகாதவையும், வரிசையாக. நல்ல கதைகளை மட்டும் பொறுக்கிப் போட்டிருந்தால் மருந்தின் புகழ் இன்னும் கூடியிருக்கும் என்பது தெரிந்தே அவர் அப்படிச் செய்யவில்லை. சிறுநீர், வயிறு, நாடி, குடல் ஆகிய நான்கில் எதிலாவது மருந்தின் வேலை தெரிந்ததுமே நிறுத்திவிட வேண்டும் என்ற எச்சரிக்கையும், பொருள்கள் பச்சையாகவோ மஞ்சளாகவோ தெரிவது அளவு மீறியதன் அடையாளம் என்பதும் அதில் இருக்கின்றன. மருந்து முக்கியமாகச் சிறுநீரைத் தூண்டுகிறது என்றே அவர் நம்பினார். ஆனால் வேறெந்த மருந்துக்கும் இல்லாத ஒரு பிடி இதற்கு இதயத்தின் மேல் இருக்கிறது என்பதையும் குறித்துவைத்தார்.

(இடையில் ஒரு சண்டை. விதரிங்கைப் பர்மிங்காமுக்கு வரவழைத்தவர் எராஸ்மஸ் டார்வின், பரிணாமக் கொள்கையை எழுதிய டார்வினின் தாத்தா. விதரிங் இந்த மருந்தைக் கொடுத்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர். 1780ல், இறந்துபோன தன் மகனின் ஆய்வை அச்சிட்டபோது, பின்னிணைப்பாக ஃபாக்ஸ்குளோவ் சிகிச்சைகளைச் சேர்த்தார். விதரிங்கின் பெயரை விட்டுவிட்டார். நட்பு அத்தோடு கசந்தது.)

காசநோயில் இளைத்துக்கொண்டே வந்த விதரிங் 1799ல் இறந்தார். எட்ஜ்பாஸ்டன் பழைய தேவாலயத்தில் உள்ள அவருடைய நினைவுக்கல்லில் ஒரு ஃபாக்ஸ்குளோவ் கொத்து செதுக்கப்பட்டிருக்கிறது.

அவருக்குப் பின் வந்த நூறு ஆண்டுகளைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல அதிகமில்லை. காசநோய், காய்ச்சல், வலிப்பு என்று எதற்கெடுத்தாலும் டிஜிட்டாலிஸ் கொடுத்தார்கள். அளவைக் கூட்டினார்கள், நோயாளி வாந்தி எடுத்தால் மருந்தைக் குறை சொன்னார்கள். ஓவியர் வான்கோ 1890ல் வரைந்த டாக்டர் காஷேயின் படத்தில் மேசைமேல் ஒரு ஃபாக்ஸ்குளோவ் கொத்து கிடப்பதைக் காட்டி, அவருடைய ஓவியங்களின் மஞ்சள் இந்த மருந்தால் வந்தது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர் அதைச் சாப்பிட்டதற்கு ஆதாரம் இல்லை. மஞ்சள் பிடித்ததால் மஞ்சளைத் தீட்டினார் என்று விட்டுவிடுவதே ஓவியனுக்கு மரியாதை.

மருந்துக்குச் சரியான நோயாளி யார் என்பது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் தெளிந்தது. இதயத்தின் மேலறைகள் தாளம் தப்பிப் படபடக்கும்போது கீழறைகளும் கண்டபடி துடிக்கும், ரத்தம் முன்னே போகாமல் தேங்கும், கால் வீங்கும். ஜேம்ஸ் மெக்கன்சி போன்ற மருத்துவர்கள் நாடியைக் கருவியில் பதிந்து பார்த்து, ஃபாக்ஸ்குளோவ் மிகச் சிறப்பாக வேலை செய்வது இத்தகைய நோயாளிகளிடம்தான் என்று கண்டார்கள். மேலறையிலிருந்து கீழறைக்குப் போகும் செய்தியை அது மட்டுப்படுத்துகிறது. கூடவே, இதயத் தசையின் செல்களில் சோடியத்தை வெளியேற்றும் பம்பைக் கொஞ்சம் தடுத்து, உள்ளே கால்சியம் கூடச் செய்து, சுருங்கும் வலுவைக் கூட்டுகிறது. அந்தப் பம்பைக் கண்டுபிடித்த டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கூவுக்கு 1997ல் நோபல் பரிசு கிடைத்தது. பம்பைக் கொஞ்சம் தடுத்தால் மருந்து. இன்னும் சற்றுத் தடுத்தால் இதயம் நின்றுபோகும். இரண்டுக்கும் நடுவில் இடைவெளி மிகக் குறுகல். இலையை இலையாகவே கொடுத்த காலத்தில் ஒவ்வொரு மூட்டையின் வீரியத்தையும் தவளைக்கும் பூனைக்கும் கொடுத்துப் பார்த்து அளந்தார்கள் என்றால் அதற்குக் காரணம் இதுதான்.

பறித்த இலையை உடனே, 60 டிகிரிக்கு மேல் போகாத சூட்டில் காயவைக்க வேண்டும். ஈரம் தங்கினால் இலைக்குள்ளேயே இருக்கும் நொதிகள் மருந்துச் சத்தை உடைத்துவிடும். இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பியக் கண்டத்திலிருந்து வந்த மூலிகை வரத்து நின்றபோது, பிரிட்டன் 1941லிருந்து மாவட்டந்தோறும் மூலிகைக் குழுக்களை அமைத்தது. கிராமத்து மாதர் சங்கங்களும் பள்ளிப் பிள்ளைகளும் பள்ளத்தாக்குகளிலும் வேலியோரங்களிலும் ஃபாக்ஸ்குளோவ் இலை பறித்தார்கள். காட்டுச் செடி பெரிய அளவில் மருந்துக்கடைக்குப் போன கடைசிக் காலங்களில் அதுவும் ஒன்று. ஏனென்றால் அதற்குப் பதினோரு ஆண்டுகள் முன்னரே, 1930ல், இதன் ஒன்றுவிட்ட சகோதரி வேலையைப் பிடித்துக்கொள்ளத் தொடங்கியிருந்தாள். தென்கிழக்கு ஐரோப்பாவைச் சேர்ந்த, பழுப்பும் வெள்ளையும் கலந்த பூவுள்ள டிஜிட்டாலிஸ் லனாட்டா என்ற செடியின் இலையிலிருந்து சிட்னி ஸ்மித் என்ற வேதியியலாளர் டிஜாக்சினைப் பிரித்தெடுத்தார். இன்றும் டிஜாக்சினை ஆலையில் செயற்கையாகத் தயாரிப்பது கட்டுப்படியாகாது. வயலில் விளைவித்த இலையிலிருந்தே எடுக்கிறார்கள்.

மருந்துக்கடை வேலை போன ஊதாச் செடிக்குத் தோட்ட வேலை முன்பே கிடைத்திருந்தது. வெயில் விழாத வடக்குச் சுவரோரம், மரத்தடி, எப்போதும் ஈரம் கசியும் மூலை என்று ரோஜாவும் லாவெண்டரும் சோம்பிப்போகும் இடங்களை வைத்திருப்பவர்களுக்கு இது ஒரு வரம். கெர்ட்ரூட் ஜீகல் என்ற புகழ்பெற்ற தோட்டக்கலைஞர் சர்ரேயில் இருந்த தன் மன்ஸ்டெட் உட் தோட்டத்தில், காடு தொடங்கும் நிழலோரங்களில் வெள்ளை ஃபாக்ஸ்குளோவைக் கூட்டங்கூட்டமாக விட்டார். மங்கிய வெளிச்சத்தில் ஊதா மறைந்துவிடும், வெள்ளை எடுத்துக்காட்டும். வெள்ளையை வெள்ளையாகவே வைத்திருப்பதற்குத் தோட்டக்காரர்கள் ஒரு உபாயம் வைத்திருக்கிறார்கள்: நாற்றுப் பருவத்திலேயே இலைக்காம்பைப் பார்ப்பது. காம்பில் செவ்வூதாச் சாயல் ஓடினால் அது ஊதாப் பூக்கும் கன்று. அதைப் பிடுங்கிவிட வேண்டும்.

வளர்ப்பதற்குச் சிரமம் இல்லை, அவசரம்தான் கூடாது. விதையை ஜூன் வாக்கில் மண்ணின் மேல் தூவி, லேசாக அழுத்தி, மூடாமல் விட வேண்டும். கொஞ்சம் அமிலத்தன்மையுள்ள மண்ணும் இலைமக்கும் பிடிக்கும். சுண்ணாம்பு மண் பிடிக்காது. ஈரம் என்றால் ஈரம்தான், தேங்கிய நீரல்ல. குளிர்காலத்தில் காலடியில் தண்ணீர் நின்றால் இலைவட்டத்தின் நடுப்பகுதி அழுகிவிடும். இந்த ஆண்டு விதைத்ததோடு விட்டால் அடுத்த ஆண்டு பூத்து, அதற்கடுத்த ஆண்டு வெறுமையாக இருக்கும். முதல் இரண்டு ஆண்டுகளும் தொடர்ந்து விதைத்துவிட்டால், பிறகு அவை தாமாகவே முறை வைத்துக்கொண்டு ஆண்டுதோறும் பூக்கும். நடுத்தண்டைப் பூ முடிந்ததும் வெட்டினால் பக்கத்தில் சிறு தண்டுகள் வரும். விதை வேண்டுமென்றால் ஓரிரு தண்டுகளை விட்டுவைக்க வேண்டும். மானும் முயலும் கிட்டே வராது. மனிதர்களுக்குத்தான் சொல்லித் தர வேண்டியிருக்கிறது: முதல் ஆண்டு இலையைக் காம்ஃப்ரே என்ற மூலிகையாக எண்ணித் தேநீர் போட்டுக் குடித்து மருத்துவமனைக்குப் போனவர்களின் கதைகள் மருத்துவ இதழ்களில் இருக்கின்றன. இந்தச் செடியில் விஷமில்லாத பாகம் கிடையாது. வீட்டு வைத்தியத்துக்கு இது செடியே அல்ல.

குடியேறியவர்களோடு கப்பலேறிப் போன இடங்களிலும் இது ஊன்றிக்கொண்டது: நியூசிலாந்து, வட அமெரிக்காவின் பசிபிக் கரை, சிலி. கொலம்பியா, கோஸ்டாரிகா மலைகளில் நடந்தது இன்னும் சுவாரசியம். அங்கே பம்பிள்பீயோடு ஹம்மிங்பேர்டு பறவைகளும் இந்தப் பூவுக்கு வருகின்றன. 2021ல் வெளியான ஒரு ஆய்வு பிரிட்டன் செடிகளையும் அங்குள்ள செடிகளையும் அளந்து பார்த்தது. பூவின் அடிப்பகுதியில் தேன் இருக்கும் குழல் அங்கே 13 முதல் 26 சதவீதம் வரை நீண்டிருந்தது. இருநூறு ஆண்டுகள்கூட ஆகவில்லை, புதிய விருந்தாளியின் அலகுக்கேற்பச் செடி பூவைத் திருத்தத் தொடங்கிவிட்டது.

தமிழ்நாட்டுக்கு ஃபாக்ஸ்குளோவ் வந்தது பெரும்பாலும் டிஜாக்சின் மாத்திரையாகத்தான். நீலகிரியில் வளர்த்ததுண்டு என்றாலும், இந்தச் செடியைப் பார்க்காமலேயே அதை நம்பி வாழ்கிறவர்கள் நம்மிடையே ஏராளம். சிறு வயதில் வாதக் காய்ச்சல் வந்து இதய வால்வு சுருங்கிப்போனவர்களிடம் கேட்டால், “சின்ன மாத்திரை, வாரத்துல அஞ்சு நாள், சனி ஞாயிறு கிடையாது” என்பார்கள். டிஜாக்சின் உடம்பிலிருந்து பாதி வெளியேறவே ஒன்றரை நாளிலிருந்து இரண்டு நாள் ஆகும். சேர்ந்துவிடக் கூடாது என்பதற்காக வந்த வழக்கம் அது. மாத்திரையில் இருப்பது கால் மில்லிகிராம்.

இலங்கையில் இந்தச் செடியின் கதை வேறொரு வழியாக நுழைந்தது. அங்கே வீட்டு வேலிகளில் நிற்கும் மஞ்சள் அரளியின் விதையில் இருப்பதும் டிஜாக்சினின் உறவுக்கார நஞ்சுதான். டிஜாக்சின் அளவு மீறியவர்களுக்காக, செம்மறியாட்டின் உடலில் உண்டாக்கிய எதிர்மருந்து ஒன்று 1976லிருந்து இருக்கிறது. அது அரளி நஞ்சையும் பிடித்து நிறுத்துகிறது என்று இலங்கையில் நடந்த ஒரு ஆய்வு 2000ல் லான்செட் இதழில் காட்டியது. மறு ஆண்டே விலை எட்டாததால் அந்த மருந்து அங்கே கிடைக்காமல் போனது. அரளி நஞ்சு ஏறியவர்களின் சாவு மீண்டும் கூடியது. விதரிங் ஏழைகளிடமிருந்து கற்றுக்கொண்ட மருந்தின் மாற்று, ஏழைகளுக்குக் கிடைக்கவில்லை.

டிஜாக்சினின் புகழும் ஒரு நிலையில் நிற்கவில்லை. 6,800 இதயநோயாளிகளிடம் நடத்தி 1997ல் வெளியான பெரிய ஆய்வில் அது ஆயுளைக் கூட்டவில்லை. மருத்துவமனைக்கு மறுபடி போவதைக் குறைத்தது. புதிய மருந்துகள் வர வர மருத்துவர்கள் இதைப் பின்வரிசைக்குத் தள்ளினார்கள். 2025ல் ஜெர்மனியின் ஹனோவரிலிருந்து நடத்தப்பட்ட ஆய்வு ஒன்று வெளியானது. அதில் சோதித்தது டிஜாக்சினை அல்ல, டிஜிட்டாக்சினை. ஷ்ராப்ஷயரின் ஊதாச் செடி இலையிலேயே இருக்கும் மூலக்கூறு, சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கும் அவ்வளவு பயமில்லாமல் கொடுக்கக்கூடியது. இதயம் மிகவும் பலவீனமான 1,212 பேரில், வழக்கமான மருந்துகளோடு இதையும் சாப்பிட்டவர்களில் 39.5 சதவீதம் பேர் இறந்தார்கள் அல்லது இதயம் மோசமாகி மருத்துவமனைக்குப் போனார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 44.1 சதவீதம். தொடக்க அளவு நாளுக்கு 0.07 மில்லிகிராம். ஆறு வாரம் கழித்து ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து, ஆளுக்கேற்றபடி அதைத் திருத்தினார்கள்.